ஆதிலாபாத் நிலப்பதிவுகளின் மொழி

ஐதராபாத்து நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள நாச்சாரம் இன்று தொழிற்பேட்டையாலும் நெருக்கமான குடியிருப்புகளாலும் அறியப்படும் இடமாகும். அங்கிருந்து மேற்கே ஹப்சிகுடாவைக் கடந்து சென்றால் தார்நாக்கா. தெலங்கானா மாநில ஆவணக் காப்பகம் அமைந்துள்ள இடம் அது. முகலாயரின் தக்காண ஆட்சிக்காலத்துப் பாரசீக ஆவணங்களுக்காக அக்காப்பகம் வரலாற்றறிஞரிடையே பெயர் பெற்றது. அதன் இயக்குநராக இருந்த யூசுப் ஹுசைன் கான் பதிப்பித்த ஷாஜஹான் காலத் தேர்வு ஆவணங்கள் 1950இல் வெளிவந்தன. ஆயினும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தில் கொள்ள வேண்டியவை அரசவை ஆவணங்கள் மட்டுமல்ல. நாச்சாரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், கோதாவரிக்கும் பெண்கங்கைக்கும் பிராணஹிதாவுக்கும் இடையே கிடக்கும் பழைய ஆதிலாபாத் மாவட்டத்தின் வருவாய்ப் பதிவுகள் வேறொரு வகையில் ஆராயத்தக்கவை. ஒரு பகுதியின் மக்கள் பேசும் மொழியில் ஒரு வரியும் எழுதப்படாமல், அம்மக்களின் நிலம் முழுவதும் பதிவு செய்யப்பட்ட வரலாற்றை அவை காட்டுகின்றன.

மாவட்டமும் மக்களும்

பழைய ஆதிலாபாத் மாவட்டத்தின் பரப்பு 16,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 170. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப்பிரதேசத்தின் சராசரியோ 308. நிலக்கரிச் சுரங்கங்கள் அமைந்த மஞ்சிரியால், பெல்லம்பள்ளி நகரங்களை உள்ளடக்கிய எண்ணிக்கை இது. மலையும் காடும் மிகுந்த பகுதியில் அடர்த்தி இன்னும் குறைவு. 2016இல் மாவட்டம் நான்காகப் பிரிக்கப்பட்டபோது உருவான ஆசிபாபாத் மாவட்டத்தில் அது ஏறக்குறைய 106 மட்டுமே.

சாந்தா என்னும் இன்றைய சந்திரப்பூரைத் தலைநகராகக் கொண்ட கோண்டு அரசர்களின் ஆட்சிக்கு இப்பகுதி உட்பட்டிருந்தது. பின்னர் முகலாயரிடமும் அவர்வழி நிஜாமிடமும் சென்றது. 1865 முதல் சாலார் ஜங் மேற்கொண்ட சீர்திருத்தங்களால் ஐதராபாத்து அரசு மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அப்போதும் இப்பகுதி சிர்ப்பூர்-தாண்டூர் என்ற பெயரில் துணை மாவட்டமாகவே நெடுங்காலம் இருந்தது. 1905இல்தான் ஆதிலாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட முழு மாவட்டமாயிற்று. மக்கள் குறைவு, வருவாய் குறைவு. எனவே அரசின் கவனமும் காலந்தாழ்ந்தே வந்தது எனலாம். ஜன்காவ் என்ற ஊர் ஆசிபாபாத் எனப் பெயர் மாறியது போன்ற செய்திகள், அக்கவனம் வந்து சேர்ந்ததன் அடையாளங்கள்.

மொழிநிலையில் இம்மாவட்டம் செறிவுடையது. கோண்டுகள் தம்மைக் 'கோய்தோர்' என்று அழைத்துக்கொள்வர். 'கோண்டு' என்பது பிறர் இட்ட பெயர். பதிவேடுகளில் ஏறியதும் அப்பிறர் பெயரே. கோலாம் மக்கள் கோலாமி மொழியைப் பேசுகின்றனர். நாயக்போடு மக்களின் வழக்கு தெலுங்கு. கோண்டுகளின் குலவரலாற்றைக் கிங்கிரி என்னும் நரம்பிசைக் கருவியோடு பாடும் பர்தான் மக்கள் வீட்டில் மராத்தி பேசுவோர், பாடுவதோ கோண்டியில். ஒரு சமூகத்தின் வாய்மொழி ஆவணக் காப்பாளர் மற்றொரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருப்பது இந்திய மொழிச்சூழலில் அரிதாகக் காணப்படுவது, தனியே ஆராயத்தக்கது.

தமிழறிந்தோர்க்குக் கோண்டி முற்றிலும் அயலானதன்று. ஊரைக் குறிக்கும் கோண்டிச் சொல் 'நார்'. இதனை ஒப்பியலார் தமிழின் 'நாடு' என்பதோடு இணைப்பர். ஆதிலாபாத் கோண்டியின் விளக்க இலக்கணம் பி. எஸ். சுப்பிரமணியத்தால் எழுதப்பெற்று 1968இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகவே வந்தது. அதற்கு முன்னர் கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்காய்வு ஐதராபாத்து அரசையும் சென்னை மாகாணத்தையும் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டதால், இம்மாவட்டத்தின் மொழிகள் அப்பெரும் பணியில் நேரடியாக ஆராயப்படவில்லை. அந்தக் குறையை ஓரளவு நீக்கியவர் மொழியியலார் அல்லர். வருவாய்த்துறை அதிகாரியாக இருந்த சேது மாதவராவ் பக்டி. அவருடைய கோலாமி இலக்கணம் 1950இல் வெளிவந்தது.

எழுத்தில் ஏறிய மொழிகள்

நிஜாம் அரசின் ஆட்சிமொழி பாரசீகமாக இருந்து 1880களில் உருதுவாயிற்று. கிராம அளவில் பட்வாரி எழுதிய கணக்குகள் மாவட்டத்தின் மேற்கே மராத்தியிலும் கிழக்கேயும் தெற்கேயும் தெலுங்கிலும் அமைந்தன. மேல்மட்ட அலுவலரின் குறிப்புகளில் ஆங்கிலமும் கலந்தது. இவ்வைந்து மொழிகளுள் ஒன்றேனும் கோண்டியோ கோலாமியோ அன்று.

மொழிகள் பல என்பதனினும் எழுத்து முறைகள் பல என்பதே பயில்வோர்க்குப் பெருந்தடை. உருது ஆவணங்கள் பெரும்பாலும் சிகஸ்தா என்னும் விரைவெழுத்தில், புள்ளிகள் விடுபட்டும் எழுத்துகள் பிணைந்தும் காணப்படும். தொகைகளைக் குறிக்கச் 'சியாக்' என்னும் குறியீட்டு முறை கையாளப்பட்டது. அது அரபு எண்ணுப்பெயர்களைச் சுருக்கி வடிவமைத்தது. உருது நன்கறிந்தவரும் தனியே பயின்றாலன்றி அதனைப் படித்தல் இயலாது. மராத்திக் கணக்குகளோ தேவநாகரியில் அன்றி மோடி எழுத்தில் உள்ளன.

உருது எழுத்தில் குற்றுயிர்கள் வழக்கமாகக் குறிக்கப்படுவதில்லை. சொல்லிடையில் ஊ, ஓ, ஔ ஆகிய மூன்றிற்கும் 'வாவ்' என்னும் ஒரே எழுத்து. ஈ, ஏ, ஐ ஆகியவற்றிற்கு 'யே' என்னும் ஒரே எழுத்து. பாரசீக, உருதுச் சொற்களைப் படிப்பவர் பழக்கத்தால் சரியான உயிரை இட்டுக்கொள்வார். கோண்டி ஊர்ப்பெயரிலும் குலப்பெயரிலும் அப்பழக்கம் துணைசெய்யாது. ஓர் ஊரின் பெயர் கோண்டி வாயிலிருந்து பட்வாரியின் செவிக்கும், அங்கிருந்து மோடிக்கும் உருதுவுக்கும், பின்னர் ஆங்கில நிலப்படத்துக்கும், இறுதியில் தெலுங்குப் பதிவேட்டுக்கும் சென்று சேர்கையில் எத்தனை மாற்றம் அடையும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஜோடேகாட், ஜோடெங்காட் என்பன ஒரே ஊர். குமர, கும்ரம், குமுரம், கொமரம் என்பன ஒரே குலப்பெயரின் வடிவங்கள். அரசின் மாவட்டப் பெயரிலேயே கொமரம், குமுரம் என்னும் இரண்டும் ஆளப்பட்டுள்ளன. மொழியியலார்க்கு இவை சுவையான ஒலிமாற்றச் சான்றுகள். நிலத்துக்கு உரிமை கோரி வருபவர்க்கோ, பாட்டன் பெயரும் தன் பெயரும் ஒரே குலத்தவை என்று மெய்ப்பிக்க வேண்டிய வழக்கு.

பழகிய சொல்லின் பிழை

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவ்வாவணங்களை அணுகும்போது முதலில் ஒருவகை நிம்மதி அடைவர். தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, பட்டா, பசலி, இனாம், ஜாகீர், தாக்கல் எனத் தமிழக வருவாய்த்துறையில் வழங்கும் சொற்களே அங்கும் உள்ளன. ஆர்க்காட்டு நவாபு, மராத்தியர் ஆட்சிகளின் வழியே தமிழில் புகுந்து நிலைத்தவை அவை. கொங்கு நாட்டு முகாசிப்பிடாரியூர் முதலிய ஊர்ப்பெயர்களில் நிற்கும் 'முகாசி'யும், கோண்டுத் தலைவர்களைக் குறித்த 'மொகாஷி'யும் ஒரே வேரின. ஆனால் இந்நிம்மதியே பிழைக்குத் தோற்றுவாயாகிறது. சொல் ஒன்றாயினும், அது குறிக்கும் ஆட்சிவகைப்பாடு அரசுக்கு அரசு வேறுபட்டது.

பசலியை எடுத்துக்கொள்ளலாம். 'பஸ்ல்' என்ற அறுவடையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த இவ்வாண்டு, சென்னை மாகாணத்தில் ஜூலை முதல் நாள் தொடங்குவது. இன்றும் தமிழ்நாட்டில் அவ்வாறே. ஐதராபாத்தில் அது அக்டோபர் முதல் வாரத்தில், ஆசுர் என்னும் மாதத்தோடு தொடங்கியது. மாதப் பெயர்களும் பாரசீகத்தன: தை, பஹ்மன், இஸ்ஃபந்தார் என்றவாறு செல்லும். இங்குள்ள 'தை' நம் தைத்திங்கள் அன்று. ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட மூன்று மாதங்களில் எழுந்த ஆவணம் ஒவ்வொன்றிற்கும் சென்னைக் கணக்கும் ஐதராபாத்துக் கணக்கும் ஓராண்டு மாறுபடும்.

இம்மாறுபாடு எங்கே சென்று தைக்கும் என்பதற்குக் கும்ரம் பீமின் மறைவே சான்று. நிலத்துக்குப் பட்டாவும் காட்டில் உரிமையும் கோரி நிஜாம் அரசை எதிர்த்த அவர் 1940இல் ஜோடேகாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாள் எது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. செப்டம்பர் முதல் நாள் என்றும் அக்டோபரின் வெவ்வேறு நாள்கள் என்றும் குறிப்பிடப்படுகிறது. கோண்டு மக்களுக்கு இக்குழப்பம் இல்லை. அவர்கள் ஆண்டுதோறும் ஆசுவயுஜ முழுநிலவில் நினைவுநாள் கொண்டாடுகின்றனர். 1940இல் அம்முழுநிலவு அக்டோபர் 16 அன்று அமைந்தது. செப்டம்பர் என்று கொண்டால் ஐதராபாத்துக் கணக்கில் 1349ஆம் பசலியின் கட்டுகளையும், முழுநிலவு என்று கொண்டால் 1350ஆம் பசலியின் கட்டுகளையும் தேட வேண்டும். சென்னைக் கணக்கில் பழகியவர் இரண்டையும் 1350 என்றே கொண்டுவிடுவர்.

'ராஜினாமா' மற்றொன்று. தமிழில் அது பதவி விலகல். சொல்லின் நேர்ப்பொருள் 'இசைவு முறி'. பம்பாய் மாகாணச் சட்டத்தைப் பெரிதும் ஒட்டி 1317ஆம் பசலியில் இயற்றப்பட்ட ஐதராபாத்து நிலவருவாய்ச் சட்டத்தின் வழக்கில், பட்டாதாரர் தம் நிலத்தை அரசிடமோ பிறரிடமோ விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் முறியை அது குறித்தது. எழுத்தறியாதவர் கைநாட்டு வைத்த ஒரு தாளில் 'இசைவு' எனப் பொருள்படும் சொல் தலைப்பாக நிற்பதன் முரண், மொழிபெயர்ப்பில் மறைந்துவிடக் கூடாதது. 'நிலவிடுகை முறி' என்று மட்டும் எழுதினால் பொருள் தெளியும். இசைந்ததாகச் சொல்லப்பட்டது என்ற செய்தி போய்விடும்.

'லாவுணி'யும் அவ்வாறே. தஞ்சைப் பகுதியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பாடும் லாவணியை இது நினைவூட்டும். வருவாய் ஆவணங்களில் அரசு நிலத்தைச் சாகுபடிக்கு ஒப்படைத்துப் பட்டா தருவதே லாவுணி. தமிழக வழக்கில் இதற்கு ஒத்தது தர்க்காஸ்து. தர்க்காஸ்து என்பதன் மூலப்பொருள் விண்ணப்பம், கேட்பவர் செயல். லாவுணி கொடுப்பவர் செயல். ஒன்றை மற்றொன்றால் பெயர்க்கையில் செயலின் திசை மாறுவதைக் கருதாமல் விடுதல் தகாது.

சிவாய் ஜமாபந்தி

மேற்கண்டவை யாவற்றினும் கனமான சொல் 'சிவாய் ஜமாபந்தி'. 'சிவா' என்பது 'தவிர, புறம்பாக' எனப் பொருள்படும் சொல். ஜமாபந்தியில் அடங்காத, கணக்குக்குப் புறம்பான சாகுபடி என்பது தொடரின் பொருள். தமிழ்நாட்டிலும் 'சிவாய் ஜமா' என்ற வழக்கு உண்டு. பட்டாவின்றி அரசு நிலத்தை உழுதவரிடம் வசூலிக்கும் தீர்வையை அது குறிக்கும். அவ்வுழவர் ஆக்கிரமிப்பாளராகவே கருதப்படுவார்.

ஆதிலாபாத்தில் நிலைமை வேறு. அங்குக் கோண்டுகள் தலைமுறைகளாக உழுது, தீர்வையும் செலுத்திவந்த நிலங்களே பெரும்பாலும் இத்தலைப்பில் எழுதப்பட்டன. மேட்டுப் பகுதிகளின் மெல்லிய மண்ணைச் சில ஆண்டுகள் உழுது, சில ஆண்டுகள் ஆறவிட்டு, மீண்டும் உழுவது அவர்தம் முறை. ஓர் ஊரார்க்கு உழும் நிலமும் ஆறும் நிலமும் சேர்ந்ததே நிலம். பதிவேட்டின் கட்டங்களோ அவ்வாண்டு உழப்பட்டதா, இல்லையா என்று மட்டுமே கேட்டன. உழப்பட்டு, பட்டா இல்லையெனின் 'சிவாய் ஜமாபந்தி'. உழப்படவில்லையெனின் 'பஞ்சர்', அதாவது தரிசு. தரிசாக எழுதப்பட்ட நிலத்தை வேறொருவர்க்கு லாவுணி கொடுக்கத் தடையில்லை. காட்டெல்லைக்குள் சேர்க்கவும் தடையில்லை. வெளியிலிருந்து வந்து குடியேறியோர் பட்டா பெற்றமையும், காப்புக்காடுகளின் எல்லை விரிந்தமையும் இவ்வாறு நிகழ்ந்தன. இதற்கு வன்முறை ஒவ்வோரிடத்தும் தேவைப்பட்டதில்லை. பல இடங்களில் ஒரு கட்டத்தை நிரப்புதலே போதுமாயிற்று.

கும்ரம் பீமின் மறைவுக்குப் பின் காரணங்களை ஆராயுமாறு அரசு கேட்டுக்கொண்ட மானிடவியலார் கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப். வியன்னாவைச் சேர்ந்த அவர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஐதராபாத்து அரசின் எல்லைக்குள் தங்க நேர்ந்தவர். அவருடைய அறிக்கைகள் 1945இல் அரசின் வருவாய்த் துறையால், கிரிக்சனின் முன்னுரையோடு வெளியிடப்பட்டன. அவற்றை மானிடவியல் நூலாக மட்டும் படிப்பது வழக்கம். பதிவேட்டுச் சொற்களுக்கும் நிலத்தில் நிகழ்வதற்கும் உள்ள இடைவெளியை விளக்கும் நூலாகவும் அவற்றைப் படித்தல் வேண்டும். அதன் விளைவாகப் பட்டா வழங்கும் சிறப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1949க்குள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடிக் குடும்பங்கள் ஏறத்தாழ 1,60,000 ஏக்கர் நிலத்துக்குப் பட்டா பெற்றன. 1356ஆம் பசலியில் பழங்குடிப் பகுதி ஒழுங்குமுறைச் சட்டமும் இயற்றப்பட்டது.

இதனோடு ஒட்டி நிகழ்ந்த மொழிப்பணி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. 1943இல் மார்லவாய் என்னும் கோண்டுச் சிற்றூரில் ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. கோண்டி மொழியில் முதனிலைப் பாடநூல்கள் தேவநாகரி எழுத்தில் ஆக்கப்பட்டன. அம்மக்களிடையே மராத்தி அறிவு பரவியிருந்தமையால் அவ்வெழுத்துத் தேர்வு பொருத்தமானதே. பயின்றோருள் சிலர் ஆசிரியப் பணியோடு நில்லாது கிராமக் கணக்குப் பணிக்கும் சென்றனர். கட்டத்தை நிரப்பும் கை மாறினால் பதிவும் மாறும் என்ற தெளிவு இத்திட்டத்தில் இருந்தது. கோண்டியைப் பதிவு மொழியாக்கும் எண்ணம் மட்டும் எழவில்லை.

1956க்குப் பின்

மொழிவழி மாநிலப் பிரிவினையால் ஐதராபாத்து அரசு மூன்றாகப் பிரிந்தது. ஆதிலாபாத்தின் கின்வட், ராஜூரா வட்டங்கள் அன்றைய பம்பாய் மாநிலத்துக்குச் சென்றன. எஞ்சிய பகுதி ஆந்திரப்பிரதேசத்தில் சேர்ந்தது. மொழிவழிப் பிரிவினையில் மராத்தியும் தெலுங்கும் எல்லை பெற்றன. இரண்டுக்கும் நடுவே வாழ்ந்த கோண்டி எல்லையால் பிளக்கப்பட்டது. பள்ளியில் தேவநாகரிக் கோண்டி நூல்களின் இடத்தைத் தெலுங்கு எடுத்துக்கொண்டது.

உருதுப் பதிவுகள் மட்டும் வழக்கொழியவில்லை. முதல் நில அளவைக்குப் பின் எழுதப்பட்ட 'சேத்வார்' பதிவேடும், 1954-55ஆம் ஆண்டின் 'கஸ்ரா பஹாணி'யும் தெலங்கானாவில் நில உரிமை வழக்குகளின் அடிப்படைச் சான்றுகள். அவற்றைப் படிக்கவல்ல வருவாய்ப் பணியாளர் தலைமுறை அருகிவருகிறது. 1984இல் ஆந்திரப்பிரதேசத்தில் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டதற்கு ஒப்பானது அது. முறை ஒழிந்தது நன்றே. ஆனால் பட்வாரி குடும்பங்களோடு, அவர்தம் கையெழுத்தையும் சுருக்கக் குறிகளையும் படிக்கும் அறிவும் அகன்றது. நில உரிமைக்காகக் கூடிய கோண்டுகள் மீது 1981 ஏப்ரல் 20 அன்று இந்திரவெல்லியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் அரசு கணக்குப்படியே 13 பேர் இறந்தனர். பட்டாக்கள் வழங்கப்பட்ட பின்னும் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

கோண்டி எழுத்தில்லா மொழி என்ற கருத்து 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. ஆதிலாபாத்தின் நார்நூர்ப் பகுதியிலுள்ள குஞ்சாலா என்னும் ஊரில், கோண்டிக்கென்றே அமைந்த தனி எழுத்தில் எழுதப்பட்ட சுவடிகளைப் பேராசிரியர் ஜயதீர் திருமலராவ் முதலியோர் வெளிக்கொணர்ந்தனர். அவ்வெழுத்து 2018இல் ஒருங்குறியின் 11ஆம் பதிப்பில் இடம்பெற்றது. மத்திய இந்தியாவில் மங்கள்சிங் மசராம் 1918இல் வகுத்த மற்றொரு கோண்டி எழுத்து அதற்கு முந்தைய ஆண்டே சேர்க்கப்பட்டிருந்தது. குஞ்சாலா சுவடிகளின் காலம் பற்றி அறுதியாகக் கூறுதல் இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி என்பாரும் உளர். பதிவேடுகள் மோடியிலும் சிகஸ்தாவிலும் எழுதப்பட்ட அதே மாவட்டத்தில், அவற்றை எழுதியோர் அறியாத ஓர் எழுத்து சில குடும்பங்களின் கையில் இருந்துவந்தது என்பது இங்குச் சுட்டத்தக்கது.

சொற்பட்டியின் தேவை

இவ்வாவணங்களைப் பெயர்ப்போர் கைக்கொள்ளும் நூல் பெரும்பாலும் எச். எச். வில்சன் 1855இல் வெளியிட்ட வருவாய், நீதிமன்றச் சொல்லடைவே. தமிழ்ச் சொற்களையும் உள்ளடக்கிய அரிய தொகுப்பு அது. எனினும் அது கும்பினி ஆட்சிப் பகுதிகளின் வழக்குக்கு எழுந்தது. ஐதராபாத்தின் 1317ஆம் பசலிச் சட்டத்துக்கு அரை நூற்றாண்டு முந்தையது. ஆதலின் அதில் காணும் பொருளை 1940களின் ஆதிலாபாத் கோப்பில் அப்படியே பொருத்துதல் பொருந்தாது.

தேவைப்படுவது, சொல்லுக்குச் சொல் காட்டும் பட்டியன்று. ஒவ்வொரு சொல்லும் எந்த அரசில், எந்த ஆண்டுகளில், எந்தக் கட்டத்தின் தலைப்பாக நின்றது என்று காட்டும் பட்டி. 'சிவாய் ஜமாபந்தி' என்ற பதிவின் எதிரே 'பட்டாவற்ற சாகுபடி' என்று எழுதுவது தமிழில் பிழையன்று. ஆயினும் ஆதிலாபாத் ஆவணமாயின், அவ்வுழவர் தீர்வை செலுத்தியவர் என்பதும் அதே பதிவில் உள்ளது. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் மூலத்தில் இல்லை. தமிழக வழக்கின் பழக்கத்தால் அச்சொல்லை இடும் மொழிபெயர்ப்பாளர், மூல எழுத்தர் சொல்லாத தீர்ப்பு ஒன்றைத் தாமே எழுதியவராவார். அம்மொழிபெயர்ப்பு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்படுமாயின், கஸ்ரா பஹாணியின் உருது வரியைப் படிக்க இயலாத நிலையில், அவர் இட்ட சொல்லே பதிவாக நிற்கும்.